சீகேம்: சம்மதம் கேட்கப்பட்ட ஊர்

சாலொமோன் இறந்துவிட்டான். அவன் கட்டிய ஆலயமும் அரண்மனையும் எருசலேமில் இருக்கின்றன. படை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, வாரிசாக மகன் ரெகொபெயாம் இருக்கிறான். முடிசூட்டிக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இராஜாக்களின் முதல் புத்தகத்தில் 12ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் புது அரசன் எருசலேமில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே உள்ள சீகேம் என்ற ஊருக்குப் போயிருக்கிறான். அவனை அரசனாக்க இஸ்ரவேலர் கூடியிருப்பது அங்கேதான். கி.மு. 930 வாக்கில் நடந்ததாகக் கருதப்படும் இந்தச் சம்பவத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதன் விளைவுக்காகவே படிக்கிறார்கள். அன்றோடு தாவீதின் ராஜ்யம் வடக்கு, தெற்கு என்று இரண்டாக உடைந்தது. அரசன் ஏன் அங்கே போனான் என்ற முந்தைய கேள்வியை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. அவன் அப்பன் போகவில்லை. சாகக்கிடந்த தாவீதின் வாய்ச்சொல்லை வைத்து, அரண்மனைக்குள் நடந்த போட்டியின் நடுவே, கீகோன் ஊற்றருகே அவசர அவசரமாக அபிஷேகம் செய்யப்பட்டவன் சாலொமோன். அப்போது வடக்குக் கோத்திரங்களின் கருத்தை யாரும் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. தகப்பனுக்குத் தேவைப்படாத பயணம் மகனுக்குத் தேவைப்பட்டது. அதற்கான காரணத்தில்தான் எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்தொகுப்பில், சீகேமுக்குள்ள இடமும் அடங்கியிருக்கிறது. எருசலேம் கடவுள் தேர்ந்துகொண்ட ஊர்; சீகேம் மக்கள் தேர்ந்துகொள்ளும் ஊர். அங்கே அதிகாரம் மேலிருந்து அருளப்படுகிறது. இங்கே கீழிருந்து ஒப்புக்கொள்ளப்படுகிறது, சில வேளைகளில் மறுக்கவும் படுகிறது. வேதத்தைத் தொகுத்து முடித்தவர்களில் பெரும்பாலோர் எருசலேம் பக்கத்தவர்கள். ஆனாலும் சீகேமை அழித்துவிட அவர்களால் முடியவில்லை.

ஊர் அமைந்த இடத்திலிருந்து தொடங்கலாம். தெற்கே கெரிசீம் மலை, 881 மீட்டர். வடக்கே ஏபால் மலை, 940 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான கணவாய். அந்தக் கணவாயின் கிழக்கு வாயில் பள்ளத்தில் கிடந்தது பழைய சீகேம். இன்றைய மேற்குக் கரையில் நாபுலஸ் நகரின் கிழக்கு ஓரத்தில் பலாட்டா என்ற பெயரில் உள்ள மேடுதான் அது என்று 1903இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் தியர்ஷ் அடையாளம் கண்டார். 1913இல் எர்ன்ஸ்ட் செல்லின் தோண்டத் தொடங்கினார். 1956 முதல் அமெரிக்கர் எர்னஸ்ட் ரைட்டின் குழு அந்த வேலையை முறைப்படி செய்தது. மலைமேல் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்ட ஊரல்ல இது. எதிரி இரண்டு பக்கத்து மலையிலிருந்தும் கீழே பார்க்கலாம். பாதுகாப்புக்கு மோசமான இடம்தான், ஆனால் தண்ணீருக்குக் குறைவில்லை, கிழக்கே நல்ல வயல்வெளி, மலைநாட்டின் வடக்கு தெற்குப் பாதையும் கடற்கரைக்கும் யோர்தானுக்கும் போகும் பாதையும் சந்திக்கும் முனை. ஒளிந்துகொள்ள உதவாத ஊர் ஒன்றுகூடுவதற்கு உதவியது. இஸ்ரவேலர் என்ற பெயர் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு வெகு காலம் முன்பே அதற்குப் பேர் இருந்தது. கி.மு. 19ஆம் நூற்றாண்டில் எகிப்து மன்னன் மூன்றாம் செனுஸ்ரெட்டின் படை இந்த ஊர்ப் பக்கம் வந்ததை அவன் அதிகாரி கூசோபெக்கின் நடுகல் சொல்கிறது. அந்தக் கல் இப்போது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா களிமண் கடிதங்களில் சீகேமின் தலைவன் லாபாயு வருகிறான். பார்வோனுக்குக் கீழ்ப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டே, எறும்பையும் அடித்தால் அது அடித்த கையைக் கடிக்காதா என்று அந்தப் பார்வோனுக்கே எழுதிய ஆள். அதே காலத்தில் எருசலேமை ஆண்ட அப்திகேபா, லாபாயு சீகேம் நாட்டை நாடோடிக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டான் என்று எகிப்துக்குப் புகார் எழுதுகிறான். தாவீது பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே எருசலேமுக்குச் சீகேமின் மேல் சந்தேகம் வந்தாயிற்று.

வேதத்துக்குள் வருவோம். ஆதியாகமத்தின்படி கானான் நாட்டுக்குள் நுழைந்த ஆபிரகாம் முதலில் நின்ற இடம் சீகேம். முதல் பலிபீடம் அங்கேதான் எழுகிறது. இந்த நாட்டை உன் சந்ததிக்குத் தருவேன் என்ற வாக்கும் அங்கேதான் கிடைக்கிறது. அதே இடத்தில் ஆசிரியர் ஒரு சின்னக் குறிப்பையும் போட்டுவைக்கிறார்: அந்தக் காலத்தில் கானானியர் அங்கே குடியிருந்தார்கள். வாக்கு கிடைத்த நிலம் ஆள் இல்லாத நிலம் அல்ல என்று அப்போதே சொல்லிவிடுகிறார். பேரன் யாக்கோபு சீகேமுக்கு வரும்போது படையெடுத்து வரவில்லை. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு, ஏமோரின் மக்களிடம் நூறு காசுக்கு நிலம் வாங்குகிறான். எபிரேய வேதத்தில் முன்னோர்கள் விலை கொடுத்து வாங்கிய நிலங்கள் மிகச் சில. எபிரோனில் ஆபிரகாம் வாங்கிய கல்லறை நிலம் ஒன்று, இது இன்னொன்று. பின்னால் எருசலேமில் தாவீது வாங்கும் களம் ஒன்று. விற்பவன் ஒத்துக்கொண்டால்தான் விலை பேச முடியும். சீகேமோடு இஸ்ரவேலின் உறவு ஒரு பேரத்தில் தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த அதிகாரத்திலேயே அந்தப் பேரம் நாறிப்போகிறது. ஏமோரின் மகன் யாக்கோபின் மகள் தீனாளைக் கெடுக்கிறான். பிறகு மணமுடிக்கக் கேட்டு வருகிறான். பெண் கொடுத்துப் பெண் எடுப்போம், நிலத்தில் சேர்ந்து வாழ்வோம் என்று ஊர்த் தலைவன் பேசுகிறான். தீனாளின் சகோதரர்கள் வஞ்சகமாக ஒத்துக்கொள்கிறார்கள்: ஊர் ஆண்கள் எல்லோரும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும். ஊர்வாசலில் கூட்டம் போட்டு, பொதுச் சம்மதம் பெற்று, அதையும் செய்கிறார்கள். மூன்றாம் நாள், காயம் ஆறாமல் கிடந்தவர்களைச் சிமியோனும் லேவியும் வெட்டிச் சாய்க்கிறார்கள். இதைக் குடும்ப மானத்தின் கதையாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு இது பேச்சுவார்த்தையைப் பற்றிய கதையாகவே படுகிறது. கொடுத்த வார்த்தையை ஆயுதமாக்கினால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர் ஒளிக்காமல் காட்டுகிறார். சாகும் தறுவாயில் யாக்கோபே அந்த இரண்டு மகன்களின் கோபத்தைச் சபிக்கிறான். இத்தனை பேச்சிலும் தீனாள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சம்மதம் கேட்கும் ஊரின் முதல் பெரிய கதையில், கேட்கப்பட வேண்டிய முதல் ஆள் கேட்கப்படவில்லை.

பிறகு யோசுவாவின் காலம். எரிகோ விழுந்ததைச் சொல்கிறார்கள், ஆயி விழுந்ததைச் சொல்கிறார்கள், வடக்கே ஆத்சோர் எரிந்ததைச் சொல்கிறார்கள். நாட்டின் நட்டநடுவில் இருந்த சீகேமைப் பிடித்ததாக ஒரு வரி கிடையாது. ஆனால் ஜனங்கள் அங்கே போகிறார்கள். பாதிப் பேர் கெரிசீமைப் பார்த்தும் பாதிப் பேர் ஏபாலைப் பார்த்தும் நின்று ஆசீர்வாதத்தையும் சாபத்தையும் கேட்கிறார்கள். மண்ணும் இதோடு முரண்படவில்லை. கி.மு. 1200ஐ ஒட்டி ஆத்சோர் போன்ற பல ஊர்களில் எரிந்த அடுக்கு கிடைக்கிறது. சீகேமில் அந்தக் காலத்துக்கு அப்படி அழிவு தெரியவில்லை. புத்தகத்தின் கடைசி அதிகாரமான 24இல் கிழவன் யோசுவா எல்லாக் கோத்திரங்களையும் சீகேமில் கூட்டுகிறான். பழைய வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டு, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றே முடிவு செய்யுங்கள் என்கிறான். நதிக்கு அப்பால் உங்கள் முன்னோர் கும்பிட்ட தெய்வங்களா, இந்த நாட்டு எமோரியரின் தெய்வங்களா, கர்த்தரா? கர்த்தரையே சேவிப்போம் என்று ஜனங்கள் சொன்னதும், அது உங்களால் முடியாது என்று மறுத்துப் பேசுகிறான். இல்லை, முடியும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். அப்படியானால் உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி என்கிறான். கர்வாலி மரத்தின் கீழே ஒரு பெரிய கல்லை நட்டு அதையும் சாட்சியாக்குகிறான். பழங்கால மேற்காசியாவில் உடன்படிக்கை என்பது எப்படி இருந்தது என்று பார்த்தால் இதன் விசித்திரம் புரியும். கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்கத்தோன் தன் வாரிசுக்கு விசுவாசமாக இருக்கும்படி சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கிய களிமண் பலகைகள் நிம்ருத்தில் 1955இல் கிடைத்தன. பக்கம் பக்கமாகச் சாபம். மீறினால் என்ன ஆகும் என்ற மிரட்டல் உண்டு. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்ற வழி எங்கும் இல்லை. உபாகமத்தின் சாபங்களில் அதே அசீரிய வாடை அடிப்பதை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சுட்டிக்காட்டுகிறார்கள். சீகேம் கூட்டத்திலோ பெரிய தரப்பு சின்னத் தரப்பிடம் உனக்கு வேறு வழியும் இருக்கிறது என்கிறது.

இந்த உடன்படிக்கைப் பழக்கத்தை இஸ்ரவேலர் கொண்டுவந்தார்களா, அங்கே ஏற்கெனவே இருந்ததா? நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரம் சீகேமில் பாகால்பேரீத் கோவில் இருந்ததாகச் சொல்கிறது; உடன்படிக்கையின் தெய்வம் என்று பொருள். பலாட்டா மேட்டில் தோண்டியபோது சுமார் 5 மீட்டர் தடித்த சுவர்களோடு ஒரு மாபெரும் கோட்டைக் கோவிலின் அடித்தளம் வெளிப்பட்டது. முன்முற்றத்தில் நட்டுவைத்த கற்கள். கோவில் முதலில் எழுந்தது கி.மு. 17ஆம் நூற்றாண்டு வாக்கில். வேதம் சொல்லும் கோவில் இதேதானா, இதன் மேல் பிற்பாடு எழுந்ததா என்று ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. எப்படியானாலும் கானானியர் காலத்திலேயே ஒப்பந்தத்துக்குப் பேர்போன தெய்வம் குடிகொண்ட ஊர் அது. வெவ்வேறு கூட்டத்தார் வந்து சத்தியம் செய்து போகும் ஊரில் இஸ்ரவேலரும் வந்து சத்தியம் செய்தார்கள், வேறொரு கடவுளின் பேரில்.

அதே கோவிலின் பணத்தில்தான் அந்த நாட்டின் முதல் அரசன் உருவாகிறான். நியாயாதிபதி கிதியோனுக்குச் சீகேம்காரி ஒருத்தியிடம் பிறந்தவன் அபிமெலேக்கு. அப்பாவின் எழுபது பிள்ளைகள் உங்களை ஆள்வது நல்லதா, உங்கள் இரத்தமான நான் ஒருவன் ஆள்வது நல்லதா என்று தாய்மாமன்களை விட்டுக் கேட்கச் சொல்கிறான். நம்ம பையன் என்று ஊர் மயங்குகிறது. கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் கூலிக்கு ஆள் பிடித்து எழுபது சகோதரர்களை ஒரே கல்லின் மேல் வைத்துக் கொல்கிறான். தப்பிய கடைக்குட்டி யோதாம் கெரிசீம் மலையில் ஏறி நின்று கீழே இருக்கும் ஊருக்குக் கேட்கும்படி ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ராஜா தேடிப் போகின்றன. ஒலிவமரத்துக்கு எண்ணெய் தரும் வேலை இருக்கிறது, அத்திக்குப் பழம் தரும் வேலை, திராட்சைக்கு ரசம் தரும் வேலை, மூன்றும் மறுக்கின்றன. வேலை எதுவும் இல்லாத முட்செடி மட்டும் சரி என்கிறது, நிழலுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறது, வராவிட்டால் நெருப்பு என்று மிரட்டுகிறது. முடியாட்சியை இவ்வளவு கசப்பாகக் கிண்டல் செய்த பகுதி பழைய இலக்கியங்களில் அபூர்வம். மரங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவைதான் தேடிப் போகின்றன. யோதாமின் குற்றச்சாட்டு அபிமெலேக்கைவிட அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல்தான் அதிகம். மூன்று வருஷத்தில் ஊருக்கும் அரசனுக்கும் முறிகிறது. அவன் ஊரை இடித்து உப்பு விதைக்கிறான். கோவில் அரணுக்குள் ஒளிந்த ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தீ வைத்து எரிக்கிறான். பிறகு தேபேசில் ஒரு பெண் மேலிருந்து போட்ட ஏந்திரக்கல் அவன் மண்டையைப் பிளக்கிறது. கி.மு. 1100ஐ ஒட்டி சீகேம் எரிந்துபோனதை அகழாய்வு காட்டுகிறது. அந்த நெருப்பை அபிமெலேக்கு வைத்தானா என்று சாம்பல் சொல்லாது.

இப்போது ரெகொபெயாமின் பயணத்தை மறுபடி பார்க்கலாம். கூடியிருந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: உன் அப்பா வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கு, உனக்குக் கீழ்ப்படிகிறோம். நுகம் என்றது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. ஆலயத்துக்கு மரம் வெட்ட 30,000 ஆட்களை முறை வைத்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பியதை அதே புத்தகம் 5ஆம் அதிகாரத்தில் பெருமையாகச் சொல்கிறது. பெருமையின் கணக்கு எழுதியவர்களுக்கு. பாரம் வடக்கே இருந்தவர்களுக்கு. அரசன் மூன்று நாள் தவணை கேட்கிறான். அப்பாவிடம் இருந்த முதியவர்கள், இன்றைக்கு இந்த ஜனங்களுக்கு நீ வேலைக்காரனாக இரு, அவர்கள் என்றைக்கும் உனக்கு வேலைக்காரர்களாக இருப்பார்கள் என்று யோசனை சொல்கிறார்கள். கூட வளர்ந்த இளவட்டங்கள் இன்னும் பாரமாக அழுத்தச் சொல்கிறார்கள். அவன் இரண்டாவதைக் கேட்டான். ஜனங்கள் தாவீதின் வீட்டில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கள் கூடாரங்களுக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சத்தைச் சரிக்கட்ட அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கட்டாய வேலைக்குத் தலைவனான அதோராம். கல்லெறிந்தே கொன்றார்கள், அரசன் ரதமேறி எருசலேமுக்கு ஓடினான். எந்த அரசவையின் வரலாற்றாசிரியரும் இதைக் கலகம் என்று எழுதி முடித்திருப்பார். இங்கேயும் கலகம் என்ற சொல் வருகிறது. கூடவே, இது கர்த்தரால் நடந்தது என்றும் எழுதியிருக்கிறது. தாவீதின் வம்சத்துக்கு நித்திய வாக்கு உண்டு என்று நம்பிய ஒருவர், அந்த வம்சத்தை மக்கள் மறுத்ததையும் கடவுளின் காரியம் என்று ஒப்புக்கொண்டார். வடக்கின் புது அரசன் யெரொபெயாம் சீகேமைக் கட்டி அங்கே குடியிருந்தான். ஆனால் நீடிக்கவில்லை, பெனூவேலுக்குப் போனான். பிறகு தலைநகரம் திர்சா. அதன்பின் ஒம்ரி ஒரு மலையையே விலைக்கு வாங்கிச் சமாரியாவைக் கட்டினான். பாதுகாப்புக் காரணம் போதும்தான். ஆனால் அரசனை ஆக்கவும் அனுப்பவும் பழகிய ஊரில் தூங்குவது எந்த அரசனுக்கும் சுகமாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. கூட்டம் சீகேமில் மட்டுமா நடந்தது? சவுலை மிஸ்பாவில் தேர்ந்தெடுத்தார்கள், கில்காலில் உறுதிப்படுத்தினார்கள். வடக்கின் மூப்பர்கள் எபிரோனுக்கே போய்த் தாவீதோடு உடன்படிக்கை செய்தார்கள். நாற்சந்தியில் இருந்த ஊரில் கூட்டம் நடந்ததற்கு இவ்வளவு தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மிஸ்பாவில் சீட்டு விழுந்தது. சவுல் மேல் விழும்படி விழுந்தது. எபிரோனில் வேறு போட்டியாளன் உயிரோடு இல்லை. இல்லை என்ற பதிலுக்கும் இடம் விட்டுக் கேள்வி கேட்கப்பட்ட கூட்டங்கள் என்று தேடினால் யோசுவா 24உம் இராஜாக்கள் 12உம் முன்னால் வருகின்றன. இரண்டும் ஒரே ஊரில். பூகோளம் அந்த ஊரைச் சந்தையாக்கியது என்பது உண்மை. அந்தச் சந்தையில் எதை நடத்துவது என்று பூகோளம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. யோசுவா 24 நடந்த காலத்தில் எழுதப்பட்டதல்ல. எருசலேம் வீழ்ந்ததற்கு முன்னோ பின்னோ, பல நூற்றாண்டுகள் கழித்து உருவானது என்பவர்கள் இன்று அதிகம். அப்படியானால் இது வரலாறு இல்லை, கற்பனை என்று தள்ளிவிடலாமே? தள்ள முடியாது, பிற்காலத்தது என்று வைத்துக்கொண்டால் வாதம் இன்னும் வலுக்கிறது. ஆலயம் எருசலேமில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியான பிறகு, தேசத்தின் மிக முக்கியமான உடன்படிக்கைக்கு ஓர் இடத்தைக் கற்பனை செய்பவர் போட்டி ஊரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? சீகேமை எடுத்துவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற நிலை இருந்தாலொழிய அது நடக்காது. அந்தச் சங்கடத்தின் தடயமும் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பில் யோசுவா 24இன் கூட்டம் சீகேமில் நடக்கவில்லை, சீலோவில் நடக்கிறது. சீலோ அப்போது பாழாய்க் கிடந்த ஊர், யாருக்கும் போட்டியல்ல. ஆனால் மரமும் பலிபீடமும் ஆதியாகமத்தில் சீகேமோடு பிணைந்திருப்பதால் எபிரேயப் பிரதியே மூலத்துக்கு நெருக்கம் என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள். யாரோ ஒருவர் கைக்குச் சீகேம் என்று எழுத வரவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை நான் முழுதாக மறுக்கப் போவதில்லை. சம்மதம், சம்மதம் என்கிறோம். சீகேமில் கேட்ட சம்மதத்தில் எது இரத்தமில்லாமல் முடிந்தது? ஏமோரின் ஊர் ஒத்துக்கொண்டு செத்தது. அபிமெலேக்கை ஒத்துக்கொண்ட ஊர் எரிந்தது. ரெகொபெயாமை மறுத்த பிறகு இரண்டு நாடுகளும் பல தலைமுறை சண்டை போட்டன. சீகேமுக்குப் போகும் வழியில் ஆசாரியர்களே கொலை செய்வதாகத் தீர்க்கதரிசி ஓசியா குமுறுகிறார். கூட்டத்தில் பேசியவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள். அடிமைகளும் பெண்களும் அந்நியரும் அங்கே வாய் திறக்கவில்லை. இதை ஜனநாயகம் என்று கொண்டாடுவது மிகை, காலத்துக்கும் பொருந்தாது. ஆனால் வேதமும் அப்படிக் கொண்டாடவில்லை. அந்த ஊரைப் புனிதமாக்கி, கதைகளைக் கழுவித் துடைத்து வைக்கவில்லை. வஞ்சகமாகப் பெற்ற சம்மதம், காசு கொடுத்து வாங்கிய சம்மதம், கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாத சம்மதம் என்று மூன்று விதமாக அது கெட்டுப்போவதை மூன்று கதைகளில் பதிவு செய்திருக்கிறது. ஒப்புதல் ஒரு பொருட்டே இல்லை என்றால் அதை மீறியதை இவ்வளவு விவரமாக எழுத வேண்டியதில்லை. தவறிக் கொலை செய்தவன் ஓடி வந்து ஊர்வாசலில் நின்று மூப்பர்களிடம் தன் வழக்கைச் சொல்லும் அடைக்கலப் பட்டணங்கள் ஆறில் சீகேமையும் ஒன்றாக வைத்ததும் அதே யோசுவா புத்தகம்தான்.

வடக்கு ராஜ்யம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் அசீரியரிடம் விழுந்தது, எருசலேம் கி.மு. 586இல் பாபிலோனியரிடம் எரிந்தது. அதற்குப் பிறகான ஒரு காட்சியை எரேமியா 41 சொல்கிறது. சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து 80 பேர் தாடியைச் சிரைத்து, துணியைக் கிழித்துக்கொண்டு, இடிந்துபோன கர்த்தரின் ஆலயத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறார்கள். தாவீதின் வம்சத்தை வேண்டாம் என்ற ஊர்க்காரர்கள் தாவீதின் ஊருக்காகத் துக்கம் கொண்டாடுகிறார்கள். வழியில் மிஸ்பாவில் அவர்களை அழுதுகொண்டே வரவேற்று, உள்ளே அழைத்துப்போய், 70 பேரை வெட்டிப் போடுகிறவன் இஸ்மவேல். ராஜவம்சத்தான் என்று ஆசிரியர் முதலிலேயே குறித்துவிடுகிறார். ஆக, எருசலேம் ஆலயத்தின் மேல் சீகேமுக்கு ஜென்மப்பகை என்பது பிற்காலக் கதை. பிளவு கெட்டிப்பட்டது கெரிசீம் மலையில் வடக்கத்தியரான சமாரியர் தங்கள் ஆலயத்தைக் கட்டிய பிறகு. அலெக்சாந்தர் காலத்தில் கட்டியதாக யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருந்தார். இட்ஸாக் மாகென் 1980களில் தொடங்கி நடத்திய அகழாய்வு அதை கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமின் பிரதான ஆசாரியனும் ஆட்சியாளனுமான யோவான் இர்க்கான் அந்த ஆலயத்தையும் சீகேமையும் தரைமட்டமாக்கினான். ஊர் பிறகு எழவில்லை. கி.பி. 72இல் ரோமர்கள் சற்று மேற்கே நெயாப்போலிஸ் என்று ஒரு புது நகரம் கட்டினார்கள். அதுதான் இன்றைய நாபுலஸ். யோவான் நற்செய்தியில் யாக்கோபின் கிணற்றடியில் இயேசுவிடம் பேசும் சமாரியப் பெண், எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்களே என்று கேட்பது இந்த இடிபாடுகளுக்கு எதிரில் நின்றுதான்.

அவ்வளவு பகைக்குப் பிறகும் இரண்டு தரப்புக்கும் ஒரே தோரா. ஆயிரத்துக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் சமாரியர்கள் இன்றும் கெரிசீமில் பஸ்காவுக்கு ஆடு பலியிடுகிறார்கள். மோசேயின் ஐந்து புத்தகங்களை மட்டுமே வேதமாக ஏற்கிறார்கள், இராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் ஏற்பதில்லை. அந்த ஐந்து புத்தகங்களில் எருசலேம் என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. சீகேம் இருக்கிறது, கெரிசீம் இருக்கிறது, பெத்தேல் இருக்கிறது. உபாகமம் திரும்பத் திரும்பப் பேசும் பலியிடும் இடம், கர்த்தர் தெரிந்துகொள்ளப்போகும் இடம் என்று மட்டும் பெயரின்றி நிற்கிறது; சமாரியப் பிரதி அதை ஏற்கெனவே தெரிந்துகொண்ட இடம் என்று சொல்கிறது. முதல் பலிபீடத்தைக் கட்ட வேண்டிய மலை யூதப் பிரதியின் உபாகமம் 27இல் சாபத்துக்குரிய ஏபால், சமாரியப் பிரதியில் ஆசீர்வாதத்துக்குரிய கெரிசீம். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பின் ஒரு கையெழுத்துப்படியிலும் கெரிசீம்தான் இருப்பதால், மாற்றியது யூதத் தரப்பாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் இன்று கூடியிருக்கிறார்கள். இத்தகைய சில இடங்களை விட்டால் மற்றபடி பெரும் பகுதி ஒன்றே. தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் எருசலேமின் பெயரை ஆபிரகாமின் முதல் பலிபீடத்தில் செதுக்கியிருக்கலாம். மோரியா மலையும் ஆலய மலையும் ஒன்று என்று பிற்பாடு நாளாகமம் எழுதியவர் செய்தது அதுதான். ஆனால் அவர் அதைத் தன் புத்தகத்தில் செய்தார், ஆதியாகமத்துக்குள் போய்ச் செய்யவில்லை. கெரிசீமில் ஆலயம் எழுந்து, எருசலேமில் ஆலயம் மறுபடி கட்டப்பட்டு, இருவரும் ஒரே சுருளை வாசித்த காலத்தில், ஒரு தரப்பின் ஊர்ப் பெயரை எழுதினால் மற்றத் தரப்பு எழுந்து போய்விடும் என்று தெரிந்தே அந்த இடத்தைப் பெயரில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.